பேரேட்டின் விளிம்பு

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும். ஆடுகளை ஏற்றிய வண்டிகள் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தும் ஓசூர்ப் பக்கமிருந்தும், கர்நாடக எல்லைக்கு அப்பாலிருந்தும் விடியுமுன்னரே வந்து சேர்ந்துவிடும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து விலை பேசப்படுவதை இங்கே கேட்கலாம். மழை பெய்த வெள்ளிக்கிழமையானால் மற்றொரு காட்சியும் உண்டு. நெடுஞ்சாலையோரப் பள்ளங்களில் தேங்கிய நீரின்மேல், வண்டிகளிலிருந்து சொட்டிய டீசல் படர்ந்து, மயிலின் கழுத்தைப்போல் நீலமும் பச்சையும் ஊதாவுமாய் மின்னும்.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து முதல் வெள்ளியன்று, பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த எங்கள் மகள் அத்தகையதொரு பள்ளத்தின் அருகில் நின்றுவிட்டாள். பேருந்து போயிற்று. மாலையில் வந்து அவள் கேட்டது இதுதான்: “அந்த நிறத்தை அப்படியே காகிதத்தில் எடுக்க முடியாதா? இந்த வருடம் குடிலுக்கு அதை ஒட்டலாமே!”

எங்கள் இல்லத்தில் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கும் வேலை திருவருகைக் காலத் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிடும். மலைக்குப் பழுப்புத் தாளைக் கசக்கி வண்ணம் தெளிப்பது வழக்கம். வானத்துக்குக் கடையில் விற்கும் நீலத்தாள். ஒவ்வோராண்டும் அதே மலை, அதே வானம். ஆகவே மகளின் எண்ணம் எங்களுக்கும் பிடித்துப்போயிற்று.

டீசலின் நிறத்தைத் தாளில் எடுக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த நிறம் எண்ணெயில் இல்லை. நீரின்மேல் படரும் எண்ணெய்ப் படலம் மிகமிக மெல்லியது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் பிறக்கும் நிறம் அது. தாளை வைத்து எடுத்தால் எண்ணெய்க் கறைதான் மிஞ்சும். ஆனால் எண்ணெயில் கரைந்த வண்ணத்தை நீரின்மேல் மிதக்கவிட்டால், அது அப்படியே தாளில் ஏறும். எண்ணெய் நீரைவிட இலேசானது, நீருடன் கலவாதது. நீரின்மேல் ஒரு சொட்டு விட்டால் அது வட்டமாக விரிகிறது. அதன் நடுவே இன்னொரு சொட்டு விட்டால், முதல் வட்டம் ஒதுங்கி வளையமாகிறது. ஈர்க்குச்சியால் ஒரு கோடு இழுத்தால் வளையம் இலையாகிறது, இறகாகிறது. அதன்மேல் தாளை விரித்து எடுத்தால், நீரிலிருந்த கோலம் முழுவதும் தாளுக்கு வந்துவிடுகிறது.

இக்கலைக்கு ஊர்தோறும் ஒரு பெயர். ஜப்பானியர் வெறும் நீரின்மேல் மையை மிதக்கவிட்டுச் செய்வதற்குச் ‘சுமினகாஷி’ என்று பெயர். 12-ஆம் நூற்றாண்டுக் கவிதைச் சுவடிகளிலேயே அது காணப்படுகிறது. பாரசீகர் ‘அப்ரி’ என்றனர். மேகம் போன்றது என்று பொருள். துருக்கியர் ‘எப்ரு’ என்கின்றனர். 2014-இல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பியர் கண்ணுக்கு அது பளிங்குக் கல்லின் நரம்புகளாகத் தெரிந்தது; எனவே மார்பிள் தாள் என்றனர். நமக்கும் இது தூரத்துச் சரக்கன்று. 17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர்ச் சுல்தான்களின் ஓவியர்கள் இத்தாளைக்கொண்டே படங்களை அமைத்தனர். எலும்பும் தோலுமான ஒரு குதிரையின் உடல் முழுவதும் இந்த மேகக் கோலத்தால் நிறைந்த படமொன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே பீஜப்பூரின் படைதான் 1638-இல் பெங்களூரைக் கைப்பற்றியது. நம் எல்லைக்கு அடுத்த வீட்டுக் கலை என்றே சொல்லலாம்! புதுச்சேரியில் 1959-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் கூடத்திலும் பருத்திக் கந்தலிலிருந்து செய்த தாளின்மேல் இவ்வேலைப்பாடு நடைபெற்று வந்திருக்கிறது.

இவ்வளவும் ஏட்டறிவு. ஏட்டறிவு சனிக்கிழமைக் காலையில் எங்களைக் காப்பாற்றவில்லை.

பழுதாகிப்போன குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டு ஒன்று பரணில் கிடந்தது. அகலமானது, நாலங்குல ஆழம் உள்ளது. சமையலுக்கு இனி வேண்டாதது. (இவ்வேலைக்கு எடுத்த பாத்திரத்தை மீண்டும் அடுக்களைக்குள் கொண்டுபோகலாகாது, தாய்மார்கள் இதில் கண்டிப்பாக இருக்கவேண்டும்.) அதில் நீரை நிரப்பித் தாழ்வாரத்தில் வைத்தோம். டர்பன்டைனின் நெடி தலையைச் சுற்ற வைப்பது. அது எளிதில் தீப்பற்றும். ஆதலால் அடுப்புக்கும் பூசைமாடத்து மெழுகுவர்த்திக்கும் எட்டாத, காற்றாடும் இடம் வேண்டும். வாசற்கதவுக்குப் பூசியது போக மீந்த நீல எனாமல் பெயிண்டும், சன்னலின் பச்சையும், கொஞ்சம் வெள்ளையும், கம்பிகளுக்கு அடித்த ரெட் ஆக்சைடும் கையிலிருந்தன.

முதலில் ரெட் ஆக்சைடு. ஒரு சொட்டு விட்டோம். கல்லைப்போல் நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நீலம் மிதந்தது, ஆனால் விரியவில்லை. பாலாடைபோல் ஒரு தோல் கட்டி நின்றது. டிசம்பர் மாதத்துக் குளிர் இங்கே சாமானியமானதன்று, நீரும் சில்லிட்டிருந்தது. டர்பன்டைனைச் சேர்த்தோம். இப்போது விரிந்தது, விரிந்து விரிந்து நிறமே மறைந்தது. தாளை வைத்து எடுத்தால் அழுக்குத் துணியின் சாயல். பத்துத் தாள்களைக் கெடுத்தோம். மாலைக்குள் மகளின் முகத்தில் பாதி நீலம். எங்கள் பொறுமையோ முழுதும் போயிற்று.

ஒன்று மட்டும் அன்று கற்றோம். வெறும் நீரில் கோலம் நில்லாது. ஈர்க்குச்சியால் அழகாக ஓர் இறகு இழைத்துவிட்டுத் தாளை எடுக்கத் திரும்பினால், அதற்குள் அது வாலும் தலையும் மாறி எங்கோ மிதந்து கொண்டிருக்கும். நீருக்குக் கொழகொழப்பு வேண்டும். துருக்கியர் ஒருவகைப் பிசினைக் கரைக்கின்றனர். ஐரோப்பியர் கடற்பாசியைக் காய்ச்சினர். எங்களுக்கு அகப்பட்டது வெந்தயம். இரண்டு கைப்பிடி வெந்தயத்தை இரவு முழுவதும் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, அந்த வழவழப்பான நீரைத் தட்டில் ஊற்றினோம். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து பார்த்தால், சொட்டு விட்ட இடத்தில் சொட்டு நிற்கிறது! வண்ணத்தின் பதம் மட்டும் கைவரவில்லை. ஒரு சமயம் தோல் கட்டும். மறு சமயம் கரைந்தோடும்.

“உண்மையான மார்பிள் தாள் எப்படி இருக்கும்? ஒன்றைக் காட்டினால் அதைப் பார்த்தே செய்வேன்” என்றாள் மகள்.

எங்கள் இல்லத்தில் அத்தகைய தாள் ஒன்றே ஒன்று இருந்தது: எங்கள் தகப்பனாரின் பேரேடு.

1991-இல் அவர் பெங்களூர் அவென்யூ சாலையில் வாங்கியது. பழுப்புத் தோல் முதுகு. அட்டையில் சிவப்பும் கருநீலமும் கலந்த மார்பிள் தாள். ஏட்டின் மூன்று விளிம்புகளிலும் அதே கோலம். நம் ஆலயங்களில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இத்தகைய அட்டை புதிதன்று. எங்கள் தகப்பனார் மாங்காய் வியாபாரி. ‘பெங்களூரா’ மாங்காய் கூழ் ஆலைக்குப் போனதும், கூலியாட்களுக்குக் கொடுத்ததும், சந்தையில் ஆடு விற்றதும், கோயில் திருவிழாவுக்கு நேர்ந்ததும் எல்லாம் அதில் அவருடைய சாய்ந்த எழுத்தில் இருக்கும். 2013-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அதற்குப்பின் அப்பேரேட்டை நாங்கள் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டோம். பூட்டியதற்குக் காரணம் இருந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

மகள் அதைத் தடவிப் பார்த்தாள். அட்டை அவளுக்கு உடனே விளங்கிற்று. விளிம்பு விளங்கவில்லை. “தாத்தா புத்தகத்துக்கு ஓரமெல்லாம் ஏன் சாயம் பூசியிருக்கிறது? அழகுக்கா?”

அழகுக்கன்று என்று நாங்கள் மிக உற்சாகமாக விளக்கத் தொடங்கினோம். கணக்கேடுகளின் விளிம்பை மார்பிள் செய்வது ஒரு காவல். ஏட்டை இறுக மூடி, விளிம்பை வண்ணத்தில் தொட்டெடுப்பார்கள். அந்த மெல்லிய நரம்புக் கோடுகள் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை அறாமல் ஓடும். யாரேனும் இடையில் தாளைக் கிழித்தால், அவ்விடத்தில் கோடு உடைந்து விலகி நிற்கும்; களவு வெளிப்பட்டுவிடும். ஒரு கோலம் போல் மறு கோலம் அமையாது என்பதே இதன் பலம். 1775-இல் அமெரிக்கர் அச்சிட்ட 20 டாலர் நோட்டின் ஓரத்தில் கள்ள நோட்டைத் தடுக்க மார்பிள் பட்டையை வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். “தாத்தா இதை வாங்கி வந்த அன்றே எங்களிடம் சொன்னார், ஒரு தாளைக் கிழித்தாலும் இது காட்டிக்கொடுத்து...”

வாக்கியத்தை முடிக்கவில்லை. வாய் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது.

எங்களுக்கு ஒரு தம்பி உண்டு. 2011-இல் சரக்கு வண்டி ஒன்று வாங்குவதற்குத் தகப்பனார் அவருக்கு 80,000 ரூபாய் கொடுத்தார். கொடுத்ததைத் தகப்பனாரே எங்களிடம் சொன்னதுண்டு. கடனாகவா, இனாமாகவா என்பதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் மறைந்தபின் மாந்தோப்பைப் பங்கிடும் நாள் வந்தது. அந்தத் தொகையைத் தம்பியின் பங்கில் கழிக்கவேண்டும் என்றோம். “திருப்பித்தர வேண்டாம் என்று அப்பா சொன்னார், அண்ணா” என்றார் அவர். பேரேட்டை விரித்தோம். அம்மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. ஒரு ரூபாய்ப் பீடிக்கட்டைக்கூட எழுதிவைக்கும் மனிதர், எண்பதாயிரத்தை எழுதாமல் விடுவாரா? அடக்கத்துக்குப் பிறகு மாங்காய்ப் பாக்கிகளை வசூலிக்கவென்று அப்பேரேடு ஒரு வாரம் தம்பியின் வீட்டில் இருந்தது. எங்களுக்கு அது போதுமானதாயிற்று. உறவினர் பதினைந்து பேர் கூடியிருந்த திண்ணையில், “தாளைக் கிழித்துவிட்டாய்” என்றோம்.

அவர் மறுத்துப் பேசவில்லை. 80,000 ரூபாய் கழிந்த பங்குக்குக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். வண்டியையும் விற்றுவிட்டு, ஓசூர் சிப்காட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார் என்று பிறர் சொல்லக் கேட்டோம். ஒன்பது ஆண்டுகள். கல்லறைத் திருநாளன்று ஒரே கல்லறைக்கு இரு வேளைகளில் போய்வந்தோம்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் நாங்கள் பேரேட்டின் விளிம்பைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாமலில்லை, தகப்பனார்தாம் சொல்லிக் கொடுத்திருந்தாரே! பார்க்க விருப்பமில்லை என்பதே உண்மை.

மகளை உறங்கச் சொல்லிவிட்டுப் பேரேட்டை விளக்கினடியில் கொண்டுபோனோம். சிவப்பு நரம்பு ஒன்று மேல் விளிம்பில் குறுக்காக ஓடுகிறது. அதைத் தொடர்ந்தே கண்ணை ஓட்டினோம். உடைவில்லை. ஆனால் ஒரு தாளின் கனம் மயிரிழையளவுதான். வயதான கண்கள் ஏமாறலாம். எனவே தையலைப் பார்த்தோம். நான்கு பெருந்தாள்களை மடித்து ஒரு கற்றையாக்கி, நடுவில் நூலோட்டித் தைப்பார்கள். கற்றைக்கு எட்டுத் தாள். ஒரு தாளைக் கிழித்தால் நூலுக்கு அப்புறமுள்ள அதன் இணைத்தாள் கழன்று வரும். இரண்டையும் உருவிவிட்டால் கற்றையில் ஆறுதான் இருக்கும். பேரேட்டில் இருபத்துநான்கு கற்றைகள். இருவரும் மாறிமாறி எண்ணினோம். எல்லாவற்றிலும் எட்டு. சந்தேகத்துக்குரிய மாதத்துக் கற்றையை மூன்று முறை எண்ணினோம். எட்டுதான். 192 தாள்களும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தன.

தகப்பனார் எழுதவில்லை. அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு நாட்கள் அவர் காய்ச்சலில் கிடந்தாரோ, அல்லது மகனுக்குக் கொடுத்ததைக் கணக்கில் வைக்க மனமில்லாதிருந்தாரோ.

மறு ஞாயிறு, டிசம்பர் 11. பேரேட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் பேருந்து ஏறினோம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தோம். கதவைத் திறந்தவர் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார் போலும். தலைமுடி நரைத்துவிட்டிருந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

“தாள் குறையவில்லை, தம்பி. எண்ணிப் பார்த்தோம்.”

“அது எனக்குத் தெரியும், அண்ணா” என்றார் அவர். பிறகு, “உள்ளே வாங்க அண்ணி” என்று ஒதுங்கி வழிவிட்டார்.

அவருடைய மனைவி அடுக்களையை விட்டு வரவில்லை. அது அவருக்கு உரிய நியாயம். தேநீர் மட்டும் மகன் கையில் வந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகே அவர் வாசற்படிக்கு வந்து, “சாப்பிட்டுவிட்டுப் போங்க” என்றார். எங்களைப் பாராமலே சொன்னார். சாப்பிட்டோம். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். 80,000 ரூபாயைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது தம்பி கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். “அது இன்றைக்கு வேண்டாம்.”

பேச்சுக்குப் பொருளின்றிப்போன ஒரு கணத்தில், குடில் தாளுக்காக நாங்கள் படும் பாட்டைச் சொன்னோம். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வேலை செய்வது தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவிலாம்! “பதத்தைக் கண்ணால் பார்த்துக் கலந்தால் இப்படித்தான் ஆகும், அண்ணா. அடியில் துளையுள்ள கிண்ணம் ஒன்று எங்களிடம் உண்டு. பெயிண்டை அதில் நிரப்பி, வடிந்து தீர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். விநாடி கூடினால் கெட்டி, குறைந்தால் நீர்த்தது.”

டிசம்பர் 18-ஆம் நாள் அவர் பிள்ளைகளுடன் குந்தாரப்பள்ளிக்கு வந்தார். (அவர் மனைவி வரவில்லை, கிறிஸ்மஸ் அன்றுதான் வந்தார்.) பால்பவுடர் டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டார். நீலத்தை ஊற்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். கெட்டி. டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மீண்டும் எண்ணினார். எந்த எண்ணிக்கையில் சொட்டு உள்ளங்கையளவு விரிந்து நின்றதோ, அந்த எண்ணிக்கைக்கே பச்சையையும் வெள்ளையையும் கொண்டுவந்தார். எல்லா நிறமும் ஒரே பதத்தில் இருந்தால்தான் ஒன்றையொன்று விழுங்காமல் ஒதுங்கி நிற்கும் என்று அப்போது விளங்கிற்று. வெந்தய நீரையும் வெயிலில் வைத்துக் குளிர் போக்கச் சொன்னார். ரெட் ஆக்சைடை மட்டும், “இது சுவரோடு இருக்கட்டும்” என்று ஒதுக்கிவிட்டார்.

தாளை விரிப்பதில் ஒரு பக்குவம் உண்டு. தட்டையாகப் போட்டால் அடியில் காற்று சிக்கி வெள்ளைப் பொத்தல்கள் விழும். இரு எதிர் மூலைகளையும் பிடித்து, நடு வயிறு முதலில் நீரைத் தொடுமாறு இறக்கி, பிறகு இரு பக்கமும் மெல்லப் படியவிடவேண்டும். நான்கு விநாடி. ஒரு மூலையைப் பிடித்து உரித்தெடுத்தால், நீர் மேற்பரப்பு துடைத்ததுபோல் வெறுமையாகிவிடும், நிறமெல்லாம் தாளில். பளபளப்பான தாள் உதவாது. பழுப்புக் கட்டுத்தாளும் சாதாரண வரைதாளும் நன்கு உறிஞ்சுகின்றன. ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் செய்தித்தாள் துண்டால் நீர்மேலிருக்கும் மிச்ச வண்ணத்தை ஒற்றி எடுத்துவிடவேண்டும். அந்த நீரைக் கிணற்றடியிலும் மரத்தடியிலும் ஊற்றக்கூடாது.

துணிக்கொடியில் இருபத்தாறு தாள்கள் தொங்கின. தெருவில் போன பால்காரர் நின்று, “என்ன இது, சேலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நெடி போக மூன்று நாள் ஆயிற்று. மலைக்குப் பச்சையும் வெள்ளையும் கலந்த தாள், வானத்துக்கு நீலம். நீலம் அதிகம் என்பது தம்பியின் கட்சி. இரவு வானம் அப்படித்தான் என்பது எங்கள் மகளின் கட்சி. குடிலில் ஒட்டியது மகளின் கட்சிதான்.

பணத்தைத் தம்பி அன்றும் வாங்கவில்லை. அவர் பிள்ளைகள் உறங்கியபின் பேரேட்டை விரித்தோம். தகப்பனாரின் கடைசி எழுத்துக்குக் கீழே, ஒன்பது ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்த தாளில், அன்றைய தேதியிட்டு, தம்பிக்கு நாங்கள் தரவேண்டிய தொகை ரூ. 80,000 என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். பழைய தாளாதலால் மை சற்றே ஊறிப் பரவிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, “இதைக் கிழித்தால் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும், அண்ணா” என்றார், சிரிக்கவும் செய்தார். கழுவியும் போகாத நீலம் அவர் கட்டைவிரலில் இருந்தது. பேரேட்டை மூடிக் கொடுக்கையில் அது அட்டையின் மேல் பட்டு, சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஒரு புள்ளியாய் இருக்கிறது. நாங்கள் அதைத் துடைக்கவில்லை.